'தி டார்க் நைட்' பார்க்கணும்னு பிள்ளை கேட்டால்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒன்பது, பத்து வயதில் பையனோ பெண்ணோ இருந்தால் இந்தக் கோரிக்கை என்றைக்காவது வந்தே தீரும். "எங்க கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க" என்ற சாட்சியத்தோடு வரும். கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2008-இல் வந்த 'தி டார்க் நைட்' படத்தைத்தான் சொல்கிறேன். அந்த வருஷம் பிறந்தே இருக்காத பிள்ளைகளுக்கும் அதன் வில்லன் ஜோக்கரைத் தெரியும். முழுப் படத்தைப் பார்க்கவில்லையே தவிர, அரை நிமிடத் துண்டுகளாகப் போனில் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.

இந்த மாதிரிப் படங்களில் அவ்வளவாகப் பழக்கமில்லாத அப்பா அம்மாவுக்காக இதை எழுதுகிறேன். படத்தைப் போடுவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது, போடுவதென்றால் எப்படிப் போடுவது என்று வரிசையாகப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 10 வயதுக்குள் வேண்டாம். 10 முதல் 12 வரை பிள்ளையைப் பொறுத்தது. 13-க்கு மேல் பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். இதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமென்பதில்லை. ஆனால் கீழே இருப்பதைப் படித்துவிட்டு உங்கள் முடிவுக்கு வாருங்கள்.

1. "பேட்மேன்தானே" என்று நினைக்காதீர்கள்

ஸ்கூல் பையில் பேட்மேன், டிபன் பாக்ஸில் பேட்மேன், பிறந்தநாள் கேக்கில் பேட்மேன். அதனால் படமும் குழந்தைகளுக்கானதுதான் என்று தோன்றுவது இயல்பு. 1966-இல் அமெரிக்காவில் ஓடிய தொலைக்காட்சித் தொடருக்கு அது பொருந்தும். குடும்பமே உட்கார்ந்து சிரித்துப் பார்த்தது. 1989-இல் டிம் பர்ட்டன் எடுத்த படத்திலிருந்து பேட்மேன் இருட்டுக்குள் போய்விட்டார்.

பெற்றோர் ஏமாந்ததும் இது முதல் தடவை இல்லை. 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' வந்தபோது அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் தன் குழந்தைகள் உணவோடு அந்தப் படத்துப் பொம்மைகளைக் கொடுத்தது. பொம்மை கிடைத்த பிள்ளை படத்துக்குப் போனால், வாயிலிருந்து கறுப்பாக ஏதோ ஒழுகும் பென்குயின் மனிதன் திரையில் நிற்கிறான். பெற்றோர் கொதித்துப்போனார்கள். அடுத்த படத்தை வேறு இயக்குநர் எடுத்தார், வண்ணமும் வேடிக்கையும் கூடின. பொம்மை விற்பவருக்கும் படம் எடுப்பவருக்கும் ஒரே எண்ணம் இருக்கவேண்டிய அவசியம் இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

2. சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

'தி டார்க் நைட்' படத்துக்கு அமெரிக்காவில் கிடைத்தது பிஜி-13. அதாவது 13 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சில பகுதிகள் ஒத்துவராமல் போகலாம், பெற்றோர் யோசித்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கை. தியேட்டர் வாசலில் யாரும் தடுக்கமாட்டார்கள். பிரிட்டனில் 12ஏ. பெரியவர் ஒருவர் கூட வந்தால் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையும் போகலாம். லண்டனில் இருக்கும் நம்மவர்கள் சிலர் இதை "12 வயசுக்குக் கீழயும் ஓகே" என்று புரிந்துகொள்கிறார்கள். உள்ளே விடுவார்கள் என்பதுதான் அதன் அர்த்தம்.

இந்த 12 என்ற எண்ணுக்கும் சூப்பர்ஹீரோக்களுக்கும் பழைய பந்தம் உண்டு. பிரிட்டன் தியேட்டர்களில் 12 என்ற பிரிவையே 1989-இல்தான் கொண்டுவந்தார்கள். அதை முதலில் வாங்கிய படம் டிம் பர்ட்டனின் 'பேட்மேன்'. 2002-இல் 'ஸ்பைடர்மேன்' படத்துக்கும் 12 கொடுத்தபோது, வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட சின்னப் பிள்ளைகளின் வீடுகளில் ஒரே ரகளை. சில ஊர்களின் உள்ளாட்சி மன்றங்கள் தணிக்கை வாரியத்தின் முடிவை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே விட்டன. அதே வருஷம் ஆகஸ்டில் 12ஏ வந்தது.

ஆறு வருஷம் கழித்துக் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. 'தி டார்க் நைட்' படத்துக்கு 12ஏ கொடுத்தது தப்பு என்று பிரிட்டனின் தணிக்கை வாரியத்துக்கு 364 புகார்கள் போயின. அந்த வருஷம் வேறெந்தப் படத்துக்கும் அவ்வளவு வரவில்லை. வாரியத்தின் பதில் ஏறக்குறைய இதுதான்: ரத்தம் காட்டவில்லை, காயம் காட்டவில்லை, கதை காமிக்ஸ் உலகத்தில் நடக்கிறது. அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் புகார் கொடுத்தவர்களின் பிள்ளைகள் பயந்தது ரத்தத்தைப் பார்த்து இல்லையே.

நம்மூர் நிலவரம் கொஞ்சம் மாறியிருக்கிறது. யு, யு/ஏ, ஏ என்று இருந்ததில், 2023-இன் சட்டத் திருத்தமும் 2024-இன் விதிகளும் வந்தபிறகு யு/ஏ மூன்றாகப் பிரிந்தது: 7+, 13+, 16+. இவை மூன்றும் பெற்றோருக்கான குறிப்புகள்தான், தடை கிடையாது. 'ஏ' மட்டும்தான் தடை. 18-க்குக் கீழே இருந்தால் அப்பா அம்மாவோடு வந்தாலும் விடக்கூடாது. வீட்டில் ஓடிடியில் பார்க்கும்போது மூலையில் தெரியும் வயது எண்ணைப் பெரும்பாலும் அந்தத் தளமே போட்டுக்கொள்கிறது. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் அதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. அதே விதிகளின்படி யு/ஏ 13+ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு இருக்கவேண்டும். உங்கள் வீட்டு டிவியில் அந்தப் பூட்டுக்கு ஒரு நான்கு இலக்க எண் போட்டாயிற்றா? போட்ட எண் பிள்ளையின் பிறந்த வருஷமாக இருந்தால் அது பூட்டே இல்லை.

3. முதலில் நீங்கள் பாருங்கள்

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. படம் 152 நிமிடம். பிள்ளை தூங்கியபிறகு, சத்தத்தோடு பாருங்கள். சத்தத்தைக் குறைத்துப் பார்த்தால் பாதி படத்தைத்தான் பார்த்தவர் ஆவீர்கள். ஜோக்கர் வரும் இடங்களில் செல்லோவில் ஒரே சுரம் இழுபட்டு இழுபட்டு ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் போய் முடியாது. இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மரின் வேலை அது. நமக்கே வயிற்றைப் பிசையும்.

நம் வீடுகளில் முத்தக் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடும் கை ஒன்று உண்டு. இந்தப் படத்தில் அதற்கு அதிக வேலை இருக்காது. கவனிக்கவேண்டிய இடங்கள் வேறு.

முதல் அரை மணி நேரத்துக்குள் பென்சில் காட்சி வந்துவிடும். கடத்தல்காரர்கள் கூடியிருக்கும் அறைக்குள் ஜோக்கர் நுழைகிறான். ஒரு மேஜிக் காட்டவா, இந்தப் பென்சிலை மறைய வைக்கிறேன் என்று மேஜையில் செங்குத்தாக நிறுத்துகிறான். அடிக்க வந்த ஆளின் தலையைப் பிடித்து மேஜையில் ஒரே மோது. பென்சிலைக் காணோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். பெரியவர்கள் சிலர் சிரித்தும்விடுகிறோம். பக்கத்திலிருந்து "பென்சில் எங்கப்பா போச்சு?" என்று கேள்வி வந்தால் என்ன சொல்வீர்கள்? பதில் சொல்ல உங்கள் நாக்கு எழவில்லை என்றால், அந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைக்குப் படம் இன்னும் ஆகாது.

அடுத்தது, ஒருவன் வாய்க்குள் கத்தியை வைத்துக்கொண்டு ஜோக்கர் தன் முகத்துத் தழும்பின் கதையைச் சொல்லும் இடம். அப்பா குடிகாரன், ஒரு ராத்திரி அம்மா மீது பாய்கிறான், பிறகு கத்தியோடு பிள்ளை பக்கம் திரும்புகிறான். கேட்டுக்கொண்டிருப்பவனின் கதை என்ன ஆகிறது என்று கேமரா காட்டாது. பின்னால் இன்னொருத்தியிடம் இதே தழும்புக்கு வேறொரு கதை சொல்வான், ஆக முதல் கதையும் பொய்யாக இருக்கலாம். பெரியவர்களுக்கு அது சுவாரசியமான திரைக்கதை உத்தி. குடித்துவிட்டு வரும் அப்பாவைச் சொந்த வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பார்த்து வளரும் பிள்ளைக்கு இது வேறு மாதிரி விழும். இந்த ஒரு விஷயத்தை எந்தச் சான்றிதழும் உங்களுக்குச் சொல்லாது. வீட்டிலோ உறவிலோ அப்படி ஏதாவது நடந்திருந்தால், வயது எதுவானாலும் இந்தக் காட்சியை நினைத்தே முடிவெடுங்கள்.

பிறகு ஒரு வீடியோ வரும். பேட்மேன் வேஷம் போட்ட சாதாரண மனிதன் ஒருவனைக் கட்டிப்போட்டு, கையில் பிடித்த கேமராவில் ஜோக்கர் மிரட்டுவது டிவி செய்தியில் ஓடுகிறது. அவன் உடல் மேயரின் ஜன்னல் கண்ணாடியில் திடீரென்று வந்து மோதுவது அதற்குச் சற்று முன்னாலேயே நடந்துவிடும், தூக்கிவாரிப்போடும். வீடியோ எனக்கு அதைவிட மோசமாகப் பட்டது, ஏனென்றால் அது சினிமா மாதிரியே இல்லை, வாட்ஸ்அப்பில் வருவது மாதிரி இருக்கிறது. போலீஸ் லாக்கப்பில் ஒருவன் வயிற்று வலி என்று துடிப்பான். அவன் வயிற்றுக்குள் வைத்துத் தைத்த வெடி வெடிக்கும். அது சட்டென்று போய்விடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு உண்மையான அடி நடுவில் இருக்கிறது. பேட்மேன் நேசிக்கும் ரேச்சலும், அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட்டும் ஆளுக்கொரு இடத்தில், எண்ணெய் டிரம்களுக்கு நடுவே கட்டப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கிறது. பேட்மேன் வண்டியில் பறக்கிறார். இதுவரை பார்த்த எல்லாக் கதையிலும் ஹீரோ வந்து சேர்ந்துவிடுவார் என்று பழகிய பிள்ளை, "காப்பாத்திடுவாரு" என்று நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருக்கும். அவர் போய்ச் சேருவது வேறு முகவரிக்கு. ரேச்சல் பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் பாதியில் அறுந்துவிடுகிறது. இந்தப் படத்தைக் "கறுப்பு" என்று சொல்வதற்குக் காரணம் ராத்திரி வெளிச்சம் இல்லை, இதுதான்.

டென்ட்டின் பாதி முகம் வெந்துபோய் பல்லும் கண்ணும் வெளியே தெரிய மருத்துவமனைப் படுக்கையில் திரும்பும் இடத்தைப் பற்றி நிறையப் பேர் எச்சரிப்பார்கள். அது கண்ணுக்குப் பயங்கரம், அவ்வளவுதான். அதைவிடக் கடைசிப் பகுதியைப் பாருங்கள்: அதே டென்ட், போலீஸ் அதிகாரி கார்டனின் மனைவி பிள்ளைகளைப் பிடித்துவைத்து, கார்டனின் மகன் தலையில் துப்பாக்கியை வைத்து, சுடுவதா வேண்டாமா என்று நாணயத்தைச் சுண்டுகிறான். பார்க்கும் பிள்ளைக்கும் அந்தப் பையனுக்கும் வயது ஏறக்குறைய ஒன்று. அப்பா பக்கத்திலேயே நின்று கெஞ்சுகிறார், அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

4. உங்கள் பிள்ளை எந்த ரகம்

வயது என்பது சராசரிக் கணக்கு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோவான் கான்டர் குழந்தைகளின் திரைப் பயத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 'ஹல்க்' தொலைக்காட்சித் தொடரை வைத்து அவர் கண்டது இது: பள்ளிக்கூடம் போகாத சின்னஞ்சிறுசுகள் வில்லனைவிட, நல்ல மனிதன் பச்சை ராட்சதனாக மாறும் நொடிக்குத்தான் அதிகம் பயந்தன. ஹல்க் நல்லவன் என்பது அந்த வயதுக்கு எட்டாது. கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதுதான் உண்மை. ஏழு எட்டு வயது தாண்டியபின் பயம் இடம் மாறும். உருவத்துக்குப் பயப்படுவது குறையும், "இது நமக்கும் நடக்குமோ" என்ற பயம் வரும்.

'தி டார்க் நைட்' இந்த இரண்டு பயத்தையும் தொடுகிறது. ஜோக்கரின் முகம் முதல் ரகம், கார்டன் குடும்பத்துக் காட்சி இரண்டாவது ரகம். ஒன்பது வயதுப் பிள்ளை "பேய்ப் படமெல்லாம் நான் பயப்படமாட்டேன்" என்று மார்தட்டினால் அது முதல் ரகத்துக்கான பதில் மட்டுமே.

ஆகவே நேராகக் கேட்பதை விடுத்து, கவனித்துப் பாருங்கள். செய்தியில் விபத்துக் காட்சி வந்தால் பிள்ளை எழுந்து போய்விடுகிறதா, கேள்வி மேல் கேள்வி கேட்கிறதா? நீங்கள் வீட்டுக்கு வரத் தாமதமானால் பதறுகிறதா? அண்மையில் குடும்பத்தில் இழவு ஏதும் விழுந்ததா? பாத்ரூமுக்கு ராத்திரி தனியாகப் போகுமா? கடைசிக் கேள்வி சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் படம் பார்த்த இரவு இரண்டு மணிக்கு எழுந்து துணைக்குப் போகப்போவது நீங்கள்தான்.

5. போடுவதென்று முடிவாகிவிட்டால்

கதையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்பாய்லர் என்று தயங்கவேண்டாம். "ரேச்சல் செத்துப்போயிடுவா, பேட்மேனால காப்பாத்த முடியாது, கார்டனோட பையனுக்கு ஒண்ணும் ஆகாது" என்ற மூன்று செய்தி போதும். திடுக்கிடல் போய்விடும், படத்தின் ருசி போகாது.

பகலில் போடுங்கள். விடுமுறை நாள் காலை பத்து மணி நல்ல நேரம். முடிந்தபின் விளையாட, சாப்பிட, மறக்க நாள் பாக்கி இருக்கும். ஹால் விளக்கு எரியட்டும். சத்தத்தை வழக்கத்தைவிடக் குறைவாக வையுங்கள். முதல்முறை பெரிய திரைக்கு அழைத்துப் போகாதீர்கள். இந்தப் படத்தின் சில பகுதிகள் ஐமேக்ஸ் கேமராவிலேயே எடுக்கப்பட்டவை, மறுவெளியீடு வந்தால் தியேட்டரில் பார்க்க நமக்கு ஆசையாகத்தான் இருக்கும். அங்கே நிறுத்து பொத்தான் இல்லை.

கண்ணைப் பொத்துவது பலன் தராது. காதில் விழுவதை வைத்துப் பிள்ளை அதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளும். பயந்துவிட்டது என்று தெரிந்தால் நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், "தொடரலாமா, இன்னொரு நாள் பாக்கலாமா" என்று கேளுங்கள். "இதுக்குப் போயா பயப்படுற" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அடுத்த முறை பயத்தை உங்களிடம் காட்டாது.

6. பார்த்த பிறகு

உடனே பரீட்சை வைக்காதீர்கள். சாப்பிடும்போதோ வண்டியில் போகும்போதோ பேச்சு தானாக வரும். பேசுவதற்கு இந்தப் படத்தில் விஷயம் கொட்டிக்கிடக்கிறது, அதனால்தான் வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்கச் சொல்கிறேன். இரண்டு படகுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பொதுமக்கள், மற்றொன்றில் கைதிகள். அடுத்த படகை வெடிக்கவைக்கும் பொத்தான் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. யாரும் அழுத்தவில்லை என்றால் நள்ளிரவில் இரண்டும் போய்விடும் என்கிறான் ஜோக்கர். பார்க்கவே முரடனாகத் தெரியும் கைதி ஒருவன் எழுந்துவந்து அந்தப் பொத்தானை அதிகாரியிடமிருந்து வாங்குகிறான். வாங்கி, ஜன்னல் வழியே ஆற்றில் வீசிவிட்டுப் போய் உட்கார்கிறான். "நீ அந்தப் படகுல இருந்தா?" என்று 13 வயதுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

லாக்கப்பில் பேட்மேன் ஜோக்கரை அடித்து உண்மையைக் கக்கவைக்கப் பார்ப்பதையும் பேசலாம். அடி வாங்கியவன் சிரிக்கிறான், முகவரியைச் சொல்கிறான், அதையும் மாற்றிச் சொல்கிறான். போலீஸ் அடித்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று காட்டும் படங்களையே பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி ஒரு மாற்று மருந்து.

ராத்திரி பயம் வந்தால்: சின்னப் பிள்ளையிடம் "அது மேக்கப், நடிகர் பேர் ஹீத் லெட்ஜர்" என்று விளக்கிப் பயனில்லை, பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்கு மேல் விளக்கம் வேலை செய்யும். ஆனால் லெட்ஜரின் பெயரை இணையத்தில் தேடினால் படம் வெளிவரும் முன்பே, 2008 ஜனவரியில் அவர் இறந்துபோனது முதலில் வந்து நிற்கும். அந்தப் பேச்சுக்கும் தயாராக இருங்கள். பிள்ளை ஜோக்கர் போலச் சிரித்துக் காட்டினால் பதறவேண்டாம், பயத்தைப் பிள்ளைகள் அப்படித்தான் விளையாடித் தீர்த்துக்கொள்ளும். பென்சிலை மேஜையில் நிறுத்த ஆரம்பித்தால் மட்டும் கறாராக நிறுத்துங்கள்.

7. வேண்டாம் என்று முடிவெடுத்தால்

"இல்ல" என்று மட்டும் சொன்னால் நண்பன் வீட்டில் பார்த்துவிடும். "13 ஆகட்டும், நானே போட்டுக் காட்டுறேன்" என்று தேதி சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். அதுவரைக்கும் 2017-இன் 'லெகோ பேட்மேன்' இருக்கிறது. அதே பேட்மேன், அதே ஜோக்கர், வயிறு குலுங்கச் சிரிக்கலாம். 2004-இன் 'இன்க்ரெடிபிள்ஸ்', 2018-இல் வந்த 'இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' இரண்டும் நல்லவை. இரண்டாவதில் சாவு உண்டு, ஏழு எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் கூட உட்காருங்கள்.

"முதல் பாகமாவது போடலாமே" என்று 2005-இன் 'பேட்மேன் பிகின்ஸ்' பக்கம் போகாதீர்கள். அதில் பயத்தையே புகையாக அடிக்கும் வில்லன் ஒருவன் உண்டு, சாக்கு முகமூடிக்குள்ளிருந்து புழு நெளியும். சின்னதுகளுக்கு அது இதைவிட மோசம். 2022-இன் 'தி பேட்மேன்' பிரிட்டனில் 15 வாங்கிய படம், ஏறக்குறைய மூன்று மணி நேரத் துப்பறியும் கதை. 2019-இன் 'ஜோக்கர்' நம்மூரில் 'ஏ', பேட்மேன் உலகம் என்ற பெயரைப் பார்த்து அதைப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 6, வீட்டில் ஒரே ஹால், ஒரே டிவி. சின்னவனை உள்ளே போய் விளையாடு என்று அனுப்பினால் கதவிடுக்கில் நின்று மொத்தப் படத்தையும் பார்ப்பான், நடுநடுவே பார்ப்பதால் கதையும் புரியாமல் பயம் மட்டும் மிஞ்சும். அவன் பாட்டி வீட்டுக்குப் போகிற நாளாகப் பார்த்துப் போடுங்கள். வாய்ப்பில்லையென்றால் லேப்டாப்பில், ஹெட்போனில், நீங்களும் அவளும் ஆளுக்கொரு காதாக.